பழைய கட்டு, புதுப் பெட்டி

வயர் என்றால் மாமனாருக்கு உயிர். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைத்தால் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், குறைத்துச் சொல்லிவிட்டதாகக் கோபித்துக்கொள்வார். வேலைக்காலம் முழுவதும் ஆலைகளுக்கு பேனல் போர்டு கட்டிக் கொடுத்த மனிதர் அவர். ஆளுயர இரும்புப் பெட்டி, அதற்குள் கத்தை கத்தையாக வயர்கள், அத்தனையும் ஒரே வளைவில் திரும்பி, ஒரே நேராக இறங்கி, விரற்கடைக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்டப்பட்டிருக்கும். பட்டறையில் அவருக்குப் பெயரே முடிச்சு. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. டிவிக்குப் பின்னால் கட்டினார், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கட்டினார். மாமியாரின் போன் சார்ஜரையும் சுவரோடு சேர்த்துக் கட்டியதில், போனில் பேச வேண்டுமென்றால் அவர் பல்லிபோல் சுவரில் ஒட்டி நிற்க வேண்டி வந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வேறு. வீட்டுக்குள் வந்த எந்த வயரும் அதற்குப் பிறகு வெளியே போனதில்லை. எல்லாம் அந்தப் பெட்டியில் சுருண்டு கிடந்தது. "நான் போனா கூட இவரு என்னைச் சுருட்டி இதுல வச்சிடுவாரு" என்பது மாமியாரின் வழக்கமான புலம்பல்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்தவள், வந்த முதல் வாரமே தோடு ஒன்று விழுந்துவிட்டதென்று டிவிக்குப் பின்னால் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. "அத்தை, இங்க வந்து பாருங்களேன், எவ்வளவு அழகா கட்டியிருக்கு! யார் செஞ்சது?" என்றாள். மாமனார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கட்டியதை யாரும் பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை. அன்றைக்கு விழுந்தவர்தான், பெற்ற மகன் கப்பலில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தண்ணீரில் கிடப்பதைக்கூட அவர் அதற்குப் பிறகு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் வீட்டில் இருந்தால் சரி.

மருமகளுக்குக் கார்ட்டூன் படம் வரையும் வேலை. பகலில் கம்பெனிக்காக வரைவாள், மிச்ச நேரத்தில் தனக்காக. இரண்டு வருஷமாக அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒரு சின்னப் படம் செய்திருந்தாள். கதை ஒரு நத்தையைப் பற்றியது. காட்டில் எல்லா மிருகங்களும் ஒரு விருந்துக்குப் போகின்றன, நத்தை மட்டும் போய்ச் சேரவே இல்லை, அவ்வளவுதான். அந்த நத்தைக்குக் குரல் கொடுத்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நம் மாமனாரேதான். வெளிச் சத்தம் வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் அவரை உட்காரவைத்து, புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திப் பதிவு செய்தாள். "மெதுவாத்தான் வருவேன். ஆனா வீட்டோட வருவேன்" என்று நத்தை சொல்லும் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்கு அவர் வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டார். முதலில் பேனல் போர்டு டெஸ்ட் ரிப்போர்ட் படிப்பதுபோல் படித்தார். பிறகு அழுவதுபோல் படித்தார். கடைசியில் பசி தாங்காமல், "வந்துடுறேம்மா, வந்துடுறேன்" என்கிற தொனியில் சொன்னதுதான் சரியாக வந்தது.

அந்தப் படத்தைப் பார்க்க ஒரு குழந்தைகள் டிவிக்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். பிடித்திருந்தால் நத்தையை வைத்து ஒரு தொடரே தருவார்கள்; கம்பெனிக்கு வரைவதை விட்டுவிட்டு அவள் தன் வேலையைத் தானே பார்க்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாத் துண்டுகளையும் கோத்து முழுப் படமாக வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பாதியில் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. அதற்கு மேல் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் வாய் திறக்கவில்லை.

"மாமா!" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் மாமனார் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

அவர் பதறவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, போர்டிலிருந்து பெரிய பிளக்கைப் பிடுங்கி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்துப் பார்த்தார். பவர் சப்ளை நன்றாக இருந்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை.

"ஆள் காலி" என்றார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும். சோறு போடுற ஆள்தான் படுத்துட்டாரு."

"பிரிச்சுப் பாக்கலாமா மாமா?"

"அதை மட்டும் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும், உதைச்சா கை போயிடும். புதுசு வாங்கிடலாம்."

"கடையிலயே குடுத்து மாத்திடலாமா? நாளைக்கு அனுப்பணும், அதான்..."

மாமனார் அரை முகத்து நுரையோடு நிமிர்ந்து பார்த்தார். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கடைக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் கலர் விளக்கு, அட்டையில் கொட்டை எழுத்தில் பெரிய வாட் எண். மாமனார் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், கத்திரிக்காய் வாங்குவதுபோல் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, உள்ள காத்து மட்டும்தான் இருக்கும் போல?"

"லைட்டெல்லாம் வரும் சார்."

"லைட்டு எங்க வீட்டுல மேலயே எரியுது. பன்னிரண்டு வோல்ட்டுல எத்தனை ஆம்பியர் குடுக்கும்னு சொல்லுங்க, போதும்."

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிக் கேட்கிற ஆள் அவருக்கும் தினமும் கிடைப்பதில்லை போலிருக்கிறது. விளக்குப் பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். மாமனார் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு இழுக்கும், பிராசஸர் எவ்வளவு இழுக்கும் என்று மருமகளைக் கேட்டு வாய்க்குள்ளேயே கூட்டினார். "இதுக்கு மேல பாதி சேத்துக்கணும்மா. மனுஷனும் சரி, மெஷினும் சரி, முழு மூச்சா ஓடிக்கிட்டே இருந்தா எத்தனை நாளைக்குத் தாங்கும்? பழசு அதனாலதான் போச்சு. நீ வாங்கின புதுக் கார்டுக்கு அது காணாது" என்றார். அறுநூற்றைம்பது வாட் முடிவானது. பெட்டியின் நீளம் கேஸுக்குள் போகுமா என்று பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். வயர்கள் எதுவும் பெட்டியோடு ஒட்டாமல், எல்லாவற்றையும் தனித்தனியாகச் செருகிக்கொள்கிற வகை அது. வரிசையாக இருந்த துளைகளைப் பார்த்ததும் அவருக்குப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"வயரெல்லாம் உள்ளயே இருக்கு சார், அதையே போடுங்க" என்று கடைக்காரர் பில்லை நீட்டியபடி சொன்னார்.

மாமனார் தலையை ஆட்டினார். யாருக்குச் சொல்கிறார் பார், என்று மனதுக்குள் ஒரு சின்ன இளக்காரம்.

வீட்டுக்கு வந்து, மருமகள் டார்ச் பிடிக்க, வேலையைத் தொடங்கினார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேனல் போர்டு வேலையில் ஒரு சட்டம் உண்டு: சாமான் மாறும், கட்டு மாறாது. உள்ளே ஒரு ரிலே கெட்டுப்போனால் ரிலேயை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டி வைத்த வயரில் கை வைக்கக் கூடாது. கை வைத்தவனைப் பட்டறையில் அவர் வார்த்தையாலேயே உரித்திருக்கிறார். அந்த உலகத்தில் அது சரிதான். அங்கே ஒவ்வொரு வயருக்கும் எண் உண்டு, எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் எந்த முனையில் எது வரும் என்று ஒரே முறை உண்டு.

பழைய பவர் சப்ளையில் தடித்த வயர்களெல்லாம் பெட்டியோடு ஒட்டியே இருந்தன. அவை பெட்டியோடு வெளியே வந்துவிட்டன, வேறு வழியில்லை. அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை மாட்டினார். ஆனால் ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகிற ஒரே ஒரு வயர் மட்டும் கழற்றி மாட்டுகிற வகை. அதைத்தான் அவர் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் போர்டு மாட்டியிருக்கும் தகரத் தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், மெழுகு நூல் போட்டு, முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்திருந்தார். மருமகள் அதைப் போட்டோ எடுத்துக் கப்பலுக்கு அனுப்பியதும் உண்டு. அதை அறுக்க அவருக்குக் கை வருமா?

"அது பழைய பெட்டியோடது தானே மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"கம்பிக்கு என்னம்மா பழசு புதுசு? எவ்வளவு பதமா இருக்கு பாரு. இந்த முனையை இங்க செருகினா முடிஞ்சது."

செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் 'டக்' என்று உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்ததுதான் வினை. உட்காராமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பொத்தானை அழுத்தினார். உள்ளே எங்கோ ஒரு சொடக்கு. ஃபேன் ஒரு கணம் துடித்து நின்றது. பிறகு மெல்லிய ஒரு வாடை வந்தது. மருமகளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. மாமனாருக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எந்த வாடை வரக் கூடாதென்று பாடுபட்டாரோ அந்த வாடை.

"என்ன மாமா?"

அவர் மீட்டரை எடுத்தார். டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுப் போட்டால் கம்ப்யூட்டர் நன்றாக எழுந்து வந்தது. அந்த வயரின் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது. புது வயரைப் பிரித்து மாட்டி அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. துளை ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் இஷ்டத்துக்குத்தான் வரிசை வைத்திருக்கிறான். கடைக்காரர் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தது.

டிஸ்க்குகள் இரண்டு. ஒன்றில் படம் இருந்தது. இன்னொன்றில் அதன் பிரதி. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்மா" என்று அந்த இரண்டாவதை வாங்கி மாட்டச் சொன்னதும் அவர்தான். அதே வயரில் மாட்டியதும் அவர்தான்.

மறைக்க அவருக்குத் தெரியாது. பட்டறையில் எது எரிந்தாலும் ஃபோர்மேன் வருவதற்குள் முன்னால் போய் நிற்கிற ஆள். எழுந்து நின்றார்.

"அம்மாடி, நான் எரிச்சுட்டேன். பழைய வயரைப் போட்டது தப்பு. ரெண்டு டிஸ்க்கும் போயிடுச்சு. அந்த மனுஷன் சொன்னாரு, நான்தான் காதுல வாங்கல."

மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்து அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து மாமனார் எட்டிப் பார்த்தார். துணி அலமாரியின் கதவு பாதி திறந்திருந்தது. அவள் உள்ளே, அவரைப் பதிவுக்கு உட்காரவைத்த அதே இடத்தில், புடவைகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"கொஞ்ச நேரம் பேசாதீங்க மாமா" என்றது உள்ளிருந்து குரல். கோபமாக இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

அலமாரிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். தன் கையையே பார்த்தார். இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது.

மாமியார் டீயோடு வந்தார். "என்ன, மறுபடி ரெக்கார்டிங்கா? நத்தை இன்னும் விருந்துக்குப் போய்ச் சேரலையா?"

"ஆமா அத்தை, ஒரு சின்ன டயலாக் பாக்கி" என்றது அலமாரி.

தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று மாமனாருக்குப் புரிந்தது. அந்த நேரத்திலும், அவள் இழந்தது எல்லாவற்றுக்கும் நடுவிலும், அத்தையின் வாயிலிருந்து மாமாவைக் காப்பாற்ற நினைக்கிறாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

"இல்ல. பொய் சொல்றா. நான் அவ படத்தை எரிச்சுட்டேன்" என்றார்.

மாமியார் வாயைத் திறந்தார். அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி, அதற்குள் கிடக்கிற வயர்களைப் பற்றி, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு டீயை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நின்றார். திட்டியிருந்தால்கூட மாமனார் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

அலமாரிக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. வெகு நேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையை மட்டும் வெளியே நீட்டினாள். காதில் ஒரு சட்டைக் கை தொங்கியது.

"மாமா, உலகத்துல இன்னொரு முடிச்சு இருக்காரு."

"என்னம்மா?"

"உங்கள மாதிரியே ஒருத்தர் பழைய வயரைப் போட்டு டிஸ்க்கை எரிச்சிருக்காரு. படம் போட்டு எழுதியிருக்காரு. இங்க பாருங்க, டிஸ்க்குக்கு அடியில உள்ள பச்சை போர்டுல, பிளக்குக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு சின்ன டயோடு. கரண்ட் அதிகமா வந்தா அது தன் மேல வாங்கிக்கிட்டு செத்துடுமாம். மத்ததெல்லாம் தப்பிச்சிருக்கலாமாம். செத்ததை எடுத்துட்டா டிஸ்க் மறுபடி ஓடலாமாம்."

மாமனாருக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. பேனல் போர்டிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் அவர் தலையை ஆட்டினார். "கடைக்காரர் கிட்டக் குடுத்துடலாம்மா. நான் இனி அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன்."

"அந்தக் கடைக்கு இப்பவே மெசேஜ் போட்டுக் கேட்டுட்டேன். டிஸ்க்கெல்லாம் வெளியூருக்கு அனுப்பித்தான் பார்ப்பாங்களாம், வாரக்கணக்குல ஆகுமாம்."

"அப்ப வேற யாராவது..."

"மாமா." அவள் அலமாரியிலிருந்து முழுசாக வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "கடைக்காரர் சொன்னதை நானும்தான் கேட்டேன். வாயை மூடிக்கிட்டு டார்ச் பிடிச்சேன். அது போகட்டும். கடுகு மாதிரி இருக்குற ஒண்ணைப் பக்கத்துல எதுவும் படாம எடுக்கணும். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊருலயே அப்படிப்பட்ட கை ஒண்ணுதான். நான் வேற யார் கிட்டயும் குடுக்க மாட்டேன்."

மாமனார் ஒற்றைக்காலில் நின்றார், மாட்டேன் என்று. அவள் இரண்டு காலில் நின்றாள். கடைசியில் மாமியார்தான் பொறுமை இழந்தார். "பொண்ணு இவ்வளவு சொல்றா, என்னங்க பிகு பண்றீங்க? எழுந்திரிங்க!" ஒரு திட்டு விழுந்ததும் மனிதருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எழுந்து போய் முகம் கழுவினார். மறுபாதிச் சவரம் இன்னும் பாக்கி இருந்ததை அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தார். அந்த முகத்தோடுதான் கடைக்கும் போய் வந்திருக்கிறார்.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். மருமகள் டார்ச் பிடித்தாள். மாமியார் ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து தன் கையாலேயே பிடித்துக்கொண்டார். முதலில் பிரதி இருந்த டிஸ்க். மீட்டரின் முனைகளை அந்தக் கறுப்புப் பொட்டில் வைத்ததும் 'பீப்' என்றது. செத்திருக்கிறது, அதாவது தன் வேலையைச் செய்திருக்கிறது. சோல்டரிங் முனையைக் காயவைத்து, இரண்டு பக்கமும் தொட்டு, இடுக்கியால் தூக்கினார். வந்துவிட்டது. புது வயரில் மாட்டிப் போட்டார்கள். கம்ப்யூட்டர் எழுந்தது. டிஸ்க் எழவில்லை. மறுபடி போட்டார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

"இதுல உள்ள வேற ஏதோ எரிஞ்சிருக்கும்" என்றார் மாமனார்.

மருமகள் இரண்டாவது டிஸ்க்கை எடுத்துத் துணியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் ஆடியது, இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனாரின் கை ஆடவில்லை. அது அவருக்கே ஆச்சரியம். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் சட்டையே அசைந்தது, கை மட்டும் பட்டறையில் இருந்ததுபோல் அமைதியாக இருந்தது. மீட்டர் 'பீப்' என்றது. முனையை வைத்தார், தூக்கினார். கறுப்புப் பொட்டு வெள்ளைத் துணியில் எள்ளுபோல் விழுந்தது.

பொத்தானை அவர் அழுத்தவில்லை. "நீயே அழுத்தும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபேன் சுற்றுகிற சத்தம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு சத்தம், மெலிதாக, சீராக, மேலே ஏறிக்கொண்டு. மருமகள் உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் வைத்தாள்.

"சுத்துது மாமா" என்றாள். "சுத்துது, கையை வச்சுப் பாருங்க, சுத்துது!"

அவர் கையை வைத்தார். அந்தச் சின்ன நடுக்கம் விரல் வழியாக ஏறியது. மாமியார் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அழுதார். கண்ணீர் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

காவலுக்கு இருந்த டயோடு போய்விட்ட டிஸ்க்கை நம்பி இருக்கக் கூடாது, உடனே வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று மாமனார் வெளி டிஸ்க் வாங்க ஓடினார். ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் மருமகளுடையது. கடைக்காரர் செருப்பையும் பார்த்தார், அரைச் சவர முகத்தையும் பார்த்தார். "பழைய வயரா சார்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். மாமனார் தலை குனிந்து ஆமாம் என்றார். "மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்க சார்" என்று அவர் சொன்னது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிரதி ஓடிக்கொண்டிருந்தபோது மருமகள் ஒரே ஒரு துண்டைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றாள். திரையில் நத்தை ஒரு இலையைக் கடந்து, மூச்சு வாங்கி நின்று, திரும்பி அவர்களைப் பார்த்தது.

"மெதுவாத்தான் வருவேன்" என்றது மாமனாரின் குரல். "ஆனா வீட்டோட வருவேன்."

அந்த வரி நன்றாக இருக்கிறதென்று மாமனாருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மறுநாள் படம் ஒரு தடவைகூட அணையாமல் கோத்து முடிந்தது. மத்தியானமே அனுப்பிவிட்டாள். டிவிக்காரர்கள் என்ன சொல்வார்களோ, அது அவர்கள் பாடு. மருமகள் அறையை விட்டு வெளியே வந்தபோது கூடத்தில் மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தப் பழைய வயர். கட்டிங் பிளையரால் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார், முடிச்சுகளோடு, நூலோடு. வாழ்க்கையில் அவர் தூக்கிப் போட்ட முதல் வயர் அதுதான். மாமியார் அடுப்படி வாசலில் கரண்டியோடு வாயடைத்து நின்றார். எத்தனையோ வருஷமாக எதைச் செய்யச் சொல்லி மன்றாடினாரோ அது கண்ணெதிரே நடக்கிறது; ஆனால் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது..." என்றார்.

"ஒண்ணுமில்ல. இன்னொருத்தர் எடுத்து மாட்டிடக் கூடாதில்ல."

மருமகள் குனிந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே புது வயர் தட்டுக்குப் பின்னால் தன் போக்கில் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினாரே தவிர, அவர் அதைக் கட்டவில்லை. கட்டுகிற தகுதி தனக்கு இல்லை என்று விட்டுவிட்டார்.

"என்ன மாமா இது, தலை வாராத பிள்ளையாட்டம்?"

"இருக்கட்டும்மா. ஓடுதில்ல, அது போதும்."

"எனக்குப் போதாது. இப்படித் தொங்கினா எனக்கு வேலை ஓடாது." உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மெழுகு நூல் உருண்டை. அதை அவர் மடியில் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மாமனார் நூலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல மாமா. நிதானமா கட்டுங்க."

"நான் மெதுவாத்தான் கட்டுவேன்" என்றார் அவர்.

"தெரியும்" என்று அவள் வெளிச்சத்தை அவர் விரல்களுக்கு மேல் பிடித்தாள். அவர் முதல் முடிச்சைப் போட்டார்.